பெருநாள் மகிழ்ச்சியும் நபிவழியே



 

ஒரு மாத காலம் பசித்திருந்து, இரவுகளில் நின்று வணங்கி, ஷவ்வால் பிறை கண்டதும் நாம் நோன்புப் பெருநாளை அடைகின்றோம். ஆனால் பல இல்லங்களில் அந்தப் பெருநாளின் ஆயுள் எவ்வளவு? காலை எட்டு மணிக்குத் தொழுகை. ஒன்பது மணிக்குப் பசியாறுதல். பத்து மணிக்கு ஆண்கள் உறங்கச் சென்றுவிடுகின்றனர். பெண்கள் மதிய விருந்துக்காக அடுப்படியில் வியர்வை சிந்துகின்றனர். பிள்ளைகளோ தொலைக்காட்சியின் முன்பு, அல்லது கைபேசியும் கையுமாக. புத்தாடையைத் தவிர அந்த நாளுக்கென ஓர் அடையாளமும் அவர்களுக்கு மிஞ்சுவதில்லை. பக்கத்து வீட்டின் தீபாவளிக் கோலாகலத்தைப் பார்க்கும் பிள்ளை, நம்முடைய மார்க்கத்தில் சந்தோஷம் கிடையாதா என்று கேட்டால், குற்றம் அந்தப் பிள்ளையுடையதன்று.

மகிழ்ச்சி உண்டு. அதை மார்க்கமே தந்திருக்கிறது. நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது, அந்நகர மக்கள் ஆண்டில் இரண்டு நாட்களை விளையாட்டுக்கென வைத்திருந்தனர். அவற்றைப் பற்றிக் கேட்டறிந்த நபியவர்கள், அவற்றுக்குப் பகரமாக அவற்றைவிடச் சிறந்த இரண்டு நாட்களை, ஹஜ்ஜுப் பெருநாளையும் நோன்புப் பெருநாளையும் அல்லாஹ் வழங்கியிருப்பதாக அறிவித்தார்கள். அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி அபூதாவூதில் உள்ளது. 'பகரமாக' என்பதைக் கவனியுங்கள். விளையாடி மகிழ்ந்த மக்களிடமிருந்து மகிழ்ச்சி பறிக்கப்படவில்லை. அதைவிட மேலானது தரப்பட்டது.

அந்த மகிழ்ச்சி எப்படியிருந்தது என்பதற்கு அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் இல்லமே சாட்சி. ஒரு பெருநாளில் அன்ஸாரிகளின் சிறுமியர் இருவர் அங்கே பாடிக்கொண்டிருந்தனர். அவர்கள் பாடியது புஆஸ் போரைப் பற்றிய பாடல். ஹிஜ்ரத்துக்குச் சில ஆண்டுகளுக்கு முன் மதீனாவின் அவ்ஸ், கஸ்ரஜ் என்னும் இரு கோத்திரத்தாரும் ஒருவரையொருவர் வெட்டி மாய்த்துக்கொண்ட போர் அது. ஆக, அவர்கள் பாடியது இறைத்துதியும் அன்று, நபிபுகழும் அன்று. ஊரார் வாயில் வழங்கிவந்த பழைய பாட்டுத்தான். நபியவர்கள் முகத்தை மறுபுறம் திருப்பிப் படுத்திருந்தார்கள். உள்ளே வந்த அபூபக்ர் (ரலி) அவர்கள், அல்லாஹ்வின் தூதருடைய வீட்டிலா இப்படி என்று மகளைக் கடிந்துகொண்டார்கள். அப்போது நபியவர்கள், அவர்களை விட்டுவிடுமாறு கூறி, ஒவ்வொரு சமுதாயத்துக்கும் ஒரு பெருநாள் உண்டு, இது நமது பெருநாள் என்று விளக்கினார்கள். புகாரியில் பல வழிகளில் இடம்பெறும் செய்தி இது. சிறுமியர் தஃப் தட்டினர் என்றும் ஓர் அறிவிப்பில் வருகிறது.

இதில் இரண்டு செய்திகள் உள்ளன. அபூபக்ர் (ரலி) அவர்களின் கண்டிப்பு மார்க்கப் பற்றினால் எழுந்தது. எனினும் பெருநாளன்று வீட்டுப் பிள்ளைகளின் பாட்டுக்கு அது தடையாகிவிடக்கூடாது என்று நபியவர்கள் கருதினார்கள். அடுத்து, அச்சிறுமியர் பாட்டைத் தொழிலாகக் கொண்டவர்கள் அல்லர் என்று ஆயிஷா (ரலி) அவர்களே தெளிவுபடுத்துகிறார்கள். நம் மண்டபங்களில் ஒலிபெருக்கி கட்டி, ஆபாச வரிகளுள்ள சினிமாப் பாட்டை அலறவிடுவோர் இந்த நபிமொழியைத் துணைக்கு அழைக்க இயலாது. வாத்தியங்களைப் பொறுத்தவரை, புகாரியின் மற்றொரு நபிமொழியை ஆதாரமாகக் கொண்டு இமாம்களில் பெரும்பாலோர் தஃப் நீங்கலான கருவிகளை விலக்கியுள்ளனர். இதில் மாற்றுக் கருத்துடைய அறிஞர்களும் உண்டு. பிள்ளைகள் வாய்விட்டுப் பாடுவதில் இந்தச் சர்ச்சை எதுவும் எழுவதில்லை.

தமிழ் முஸ்லிம்களுக்குப் பாட்டு புதிதுமன்று. உமறுப்புலவர் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட விருத்தங்களில் சீறாப்புராணம் பாடினார். ஸஹர் நேரத்தில் தெருத்தெருவாகத் தாயிரா தட்டிப் பாடி எழுப்பிய பக்கீர்மார்களை மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். 1925இல் பிறந்து 2015இல் மறைந்த நாகூர் இ.எம். ஹனிபா அவர்களின் கம்பீரக் குரல் ஒலிக்காத பெருநாள் ஒரு காலத்தில் நம் ஊர்களில் அரிதாகவே இருந்தது. அதற்கெல்லாம் முன்பு வருவது தக்பீர். உமர் (ரலி) அவர்கள் மினாவில் தம் கூடாரத்திலிருந்து தக்பீர் சொல்ல, பள்ளியில் இருந்தோர் கேட்டுச் சொல்ல, கடைவீதியில் இருந்தோரும் சொல்ல, மினாவே அதிர்ந்தது என்று வரலாறு. நம் பள்ளிகளில் தொழுகைக்கு முன் இராகத்தோடு முழங்கும் தக்பீரை எந்தப் பிள்ளையும் புத்தகத்தைப் பார்த்துக் கற்பதில்லை. வாப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, கேட்டே கற்கிறது. பெருநாளிரவில் அதை வீட்டில் குடும்பத்தோடு சொன்னால், பள்ளிக்கு வர இயலாத பெரியவர்களும் உடன் சொல்வார்கள்.

இனி, உணவு. நோன்புப் பெருநாளன்று ஒற்றைப்படையாகச் சில பேரீச்சம்பழங்களை உண்ணாமல் நபியவர்கள் தொழுகைக்குப் புறப்பட்டதில்லை. ஒரு மாதம் உண்ணாமலிருந்தது எவன் கட்டளையோ, இன்று உண்பதும் அவன் கட்டளையே. அன்று நோன்பு நோற்பது ஹராம். ஆனால் நம் சட்டி அடுப்பில் ஏறுமுன் ஏழையின் சட்டி ஏறியாக வேண்டும். அதற்காகவே ஸதகத்துல் ஃபித்ர் தொழுகைக்கு முன்பே சேர்ப்பிக்கப்பட வேண்டும் என்று விதிக்கப்பட்டது. தலைக்கு ஒரு ஸாவு, அதாவது நான்கு முத்து. நடுத்தர மனிதர் இரு கைகளாலும் நிறைய அள்ளுவது ஒரு முத்து. வீட்டுப் பிள்ளைகளின் கைகளாலேயே அரிசியை அளக்கச் சொல்லிப் பாருங்கள். சிறு கை என்பதால் அள்ளுவது கூடும். அதனால் நட்டமொன்றும் இல்லை.

ஹஜ்ஜுப் பெருநாளின் இறைச்சிக்கும் ஒரு வரலாறு உண்டு. மதீனாவில் ஓராண்டு மக்கள் வறுமையில் வாடியபோது, குர்பானி இறைச்சியை மூன்று நாட்களுக்கு மேல் வைத்திருக்க நபியவர்கள் தடை விதித்தார்கள். மறு ஆண்டு நிலைமை சீரானதும், உண்ணவும் பிறருக்கு உண்ணக் கொடுக்கவும் சேமிக்கவும் அனுமதித்தார்கள். சேமிப்பதற்கு அனுமதி உண்டு. எனினும் குளிர்பதனப் பெட்டியின் மேல்தட்டு நிரம்பி வழிய, எதிர்வீட்டுக்குத் தலைக்கறியோடு முடித்துக்கொள்வோர், தடை விதிக்கப்பட்ட அந்த ஆண்டையும் நினைத்துப் பார்க்க வேண்டும். அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்கள் தம் வீட்டில் ஆடு அறுக்கப்பட்டபோது, நம் யூத அண்டைவீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். இறைச்சி உண்ணாத அண்டைவீட்டாருக்குச் சேமியாப் பாயசம் இருக்கவே இருக்கிறது.

புளியங்குடியை எண்ணிப் பாருங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், மதுரையிலிருந்து இராஜபாளையம் வழியாகத் தென்காசி செல்லும் சாலையில் உள்ள ஊர். எலுமிச்சைக்குப் பெயர் பெற்றது. பறித்த பழம் காத்திருக்காது, சந்தையும் காத்திருக்காது. தோட்டம், கடை, தொழில் என்று ஓடும் ஆண்களுக்குப் பெருநாள்தான் வீட்டாரோடு முழுதாக அமரும் நாள். அன்று ஒரே ஸஹனைச் சுற்றி அமர்ந்து உண்பதும், பெரியவர்கள் பிள்ளைகளுக்குப் பெருநாள் காசு தருவதும், மணமுடித்துப் போன பெண்மக்களின் வீடுகளுக்குச் சென்று வருவதும் வீண் சடங்குகள் அல்ல. உறவைச் சேர்ந்து வாழ்வது மார்க்கக் கடமை. பெண்களையும் பெருநாள் திடலுக்கு அழைத்து வருமாறு நபியவர்கள் பணித்தார்கள். தொழுகை இல்லாத நிலையில் உள்ள பெண்களும் ஒதுங்கி அமர்ந்து நன்மையிலும் துஆவிலும் பங்குகொள்ள வேண்டும், மேலங்கி இல்லாதவளுக்கு அவளது தோழி தர வேண்டும் என்றார்கள். அடுப்படியில் நிற்பதற்காகவே பெண்ணுக்குப் பெருநாள் என்று எண்ணுவோருக்கு இந்த நபிமொழி போதும். மதியச் சமையலில் ஆண்கள் ஒரு கை கொடுத்தால் என்ன? தம் வீட்டாருக்குப் பணிவிடை செய்வது நபியவர்களின் வழக்கமல்லவா?

வாப்பா வளைகுடாவில் இருக்கும் வீடுகள் பல. பெரும்பாலான ஆண்டுகளில் அங்கே பெருநாள் ஒரு நாள் முந்தி வந்துவிடுகிறது. அறைத் தோழர்களோடு பிரியாணி கிளறி அவர் தம் பெருநாளை முடித்திருப்பார். இங்கே தொழுகைக்குப் புறப்படும் ஏழரை மணிக்கு, ரியாத்தில் விடியற்காலை ஐந்து மணி; துபாயில் ஆறு மணி. அவர் ஃபஜ்ருக்கு விழித்திருக்கும் நேரம் அது. வீடு திரும்பியபின் அலுப்போடு இரண்டு வார்த்தை பேசுவதைவிட, புறப்படுமுன் அழைத்துப் பிள்ளைகள் தக்பீர் சொல்வதை அவர் கேட்கச் செய்யுங்கள். அவரும் அங்கிருந்து கூடவே சொல்வார்.

கடல் கடந்துதான் பெருநாள் பிரிகிறது என்பதில்லை. பிறைக் கருத்து வேறுபாட்டால் நம் ஊர்களில் ஒரே தெருவில், ஏன், ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளின் வீடுகளிலும் வெவ்வேறு நாட்களில் பெருநாள் வருகிறது. எது சரி என்னும் ஆய்வு இங்கே வேண்டாம். தம்பி இன்று பெருநாள் கொண்டாடுகிறார்; காக்காவுக்கு இன்னும் ரமளான். தம்பி வீட்டு நெய்ச்சோறும் கறியும் மூடி வைக்கப்பட்டு, மாலையில் மஃரிப் பாங்கு சொல்லும் நேரத்துக்குக் காக்கா வீட்டு வாசலை அடையட்டும். நோன்பு திறக்கக் கொடுத்த நன்மை தம்பிக்கு. மறுநாள் காலை தொழுதுவிட்டு வரும் காக்கா வீட்டிலிருந்து இடியாப்பமும் ஆணமும் தம்பி வீட்டுக்கு வரட்டும். பிள்ளைகளுக்கு இரண்டு பெருநாள்.