பின்புற உறுமல்: பழைய வேனில் பழுதறியும் முறை

சங்கத்தின் வேன் அங்கத்தினர் அனைவருக்கும் பொதுவான உடைமையாகும். சித்தையன்கோட்டைப் பகுதியில் விளையும் காய்கறியைச் செம்பட்டி வழியே ஒட்டன்சத்திரம் சந்தைக்கும், சின்னாளபட்டித் தறிகளில் நெய்த சேலைகளைத் திண்டுக்கல்லுக்கும் கொண்டு சேர்ப்பது இத்தகைய வண்டிகளே. வேன் ஒரு நாள் நின்றால் காய்கறி வாடும். நெசவாளர் கூலி தாமதப்படும். ஆகவே, பழுதறியும் முறையை ஓட்டுநர் மட்டுமன்றி, செலவுக்கு ஒப்புதல் அளிக்கும் நிர்வாகக் குழுவினரும் அறிந்திருத்தல் நலம்.

இவ்வட்டாரத்துச் சங்கம் ஒன்றை ஆய்வு செய்தபோது, ஒரே பழுதுக்கு இரண்டு செலவுச் சீட்டுகள் இருக்கக் கண்டோம். வேனின் பின்புறத்தில் உறுமல் கேட்டதால் டிஃபரன்ஷியலைப் பிரித்து, கிரௌனும் பினியனும் புதிதாகப் போட்டிருந்தனர். உறுமல் நிற்கவில்லை. ஓட்டுநரின் கவனக்குறைவே காரணமென்று கருதிய சிலர், செலவை அவர் சம்பளத்தில் பிடிக்கவும் யோசனை கூறினர். பின்னர் வேறொரு மெக்கானிக் முன் டயர்களையும் பின் டயர்களையும் இடம் மாற்றிப் போட்டு ஓட்டிப் பார்த்தார். உறுமல் முன்புறத்திற்கு வந்துவிட்டது! குற்றம் டயரினுடையது. இச்சிறு சோதனையை முதலிலேயே செய்திருந்தால், சங்கத்திற்குப் பெருஞ்செலவும் ஓர் ஊழியருக்கு மனவருத்தமும் நேர்ந்திரா.

நம் கிராமங்களில் பெரிதும் காணப்படும் ஆம்னி வேனையே உதாரணமாகக் கொள்வோம். 1984-இல் வெளிவந்த இவ்வண்டியின் உற்பத்தி 2019-இல் நிறுத்தப்பட்டது. ஆகையால், இன்று ஓடுபவை யாவும் பழைய வண்டிகளே. இதன் எஞ்சின் முன் இருக்கைகளுக்கு அடியில் உள்ளது. ஓட்டும் சக்தியோ நீண்ட ஷாஃப்ட் வழியே பின் சக்கரங்களுக்குச் செல்கிறது. எனவே டயர், சக்கர பேரிங், ஷாஃப்டின் கிராஸ், டிஃபரன்ஷியல் ஆகிய நான்கில் எது கெட்டாலும் ஓசை பின்னாலிருந்தே வரும். அவற்றைப் பிரித்தறியும் வரிசை பின்வருமாறு:

முதலாவதாக, வண்டியைக் காலி செய்க. ஸ்டெப்னி, ஜாக்கி, பின்கதவு, சைலன்சர் ஆகியவை தளர்ந்து ஆடுகின்றனவா என்று பார்க்க. காலித் தகர மேடை சிறு ஓசையையும் பெரிதாக்கிக் காட்டும்.

இரண்டாவதாக, டயர். காற்றைச் சரிபார்த்து, டயரின் மேற்பரப்பில் உள்ளங்கையை முன்னும் பின்னுமாகத் தடவுக. ஒரு திசையில் வழவழப்பாகவும் மறு திசையில் அரம்போலவும் இருந்தால் தேய்வு ஒழுங்கற்றது. புதிய தார்ச் சாலையில் ஓசை குறைந்து, பழைய சாலையில் மிகுந்தால் ஐயம் டயர்மீதே வலுக்கும். முன்பின் மாற்றிப் போட்டால் உண்மை விளங்கும்.

மூன்றாவதாக, சக்கர பேரிங். இதன் உறுமல் வேகத்தோடு ஏறும். ஆக்ஸிலேட்டரை விட்டாலும் உடனே மாறாது. வளைவு இதற்கு நல்ல சாட்சி. வண்டி வலப்புறம் திரும்புகையில் பாரம் இடப்புறச் சக்கரத்தின்மேல் சாயும். அப்போது ஓசை மிகுந்தால் இடப்புற பேரிங்கையே முதலில் ஐயுற வேண்டும். பின்னர் சமதளத்தில் முன் சக்கரங்களுக்கு அடைகொடுத்து, பின்புறத்தைத் தூக்கி, உறுதியான இரும்பு ஸ்டாண்டுமேல் நிறுத்துக. செங்கல்லை நம்பலாகாது. கியரையும் கைப் பிரேக்கையும் விடுவித்து, சக்கரத்தைக் கையால் சுழற்றினால் கரகரப்பு தெரியும். மேலும் கீழுமாகப் பிடித்து அசைத்தால் ஆட்டம் தெரியும்.

நான்காவதாக, ஷாஃப்ட். வண்டி புறப்படும்போது 'டக்' என்ற ஓசையும், குறிப்பிட்ட வேகத்தில் மேடையில் அதிர்வும் இருந்தால் கிராஸைச் சோதிக்க.

இறுதியாகவே டிஃபரன்ஷியல். இதன் ஓசை பெரும்பாலும் உறுமலன்று, ஊளை. ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது ஒரு விதமாகவும் விடும்போது வேறு விதமாகவும் ஒலிக்கும். பிரிக்குமுன் ஆயில் அளவைப் பார்க்க. அதில் உலோகத் துகள் மின்னுகிறதா என்றும் பார்க்க. ஆயில் குறைந்திருந்தால், நிரப்புவதோடு கசிவின் இடத்தையும் கண்டறிய வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. சக்கரத்தில் ஆட்டமோ மிகுந்த சூடோ கண்டாலும், சக்கரத்தின் உட்புறம் ஆயில் வழிந்தாலும், சரக்கு காத்திருக்கிறதென்று வண்டியை எடுத்தல் கூடாது. இவ்வகை ஆக்சிலில் பேரிங் முற்றிலும் சிதைந்தால், ஷாஃப்டோடு சக்கரமே கழன்று வெளிவரக்கூடும். வழிந்த ஆயில் டிரம்முக்குள் சென்றால் பிரேக் பிடிக்காது.

அளவுக்கு மீறிய பாரமும், குறைந்த காற்றும், வாய்க்கால் நீரில் வண்டியை இறக்குவதும் இப்பழுதுகளுக்கு வழிகோலும். இவற்றைத் தவிர்த்தல் ஓட்டுநர் பொறுப்பு மட்டுமன்று; கூடுதலாக இரண்டு மூட்டை ஏற்றச் சொல்லும் அங்கத்தினரின் பொறுப்புமாகும்.

ஓசை எந்த வேகத்தில், எந்த வளைவில், பாரத்துடனா காலியாகவா கேட்டது என்பதை ஓட்டுநர் வண்டிப் புத்தகத்தில் அன்றன்றே எழுதி வைக்க. அக்குறிப்பையும் சோதனையின் முடிவையும் கண்ட பின்னரே குழு செலவுக்கு ஒப்புதல் தருக. மாற்றிய பழைய பாகங்களைத் திரும்பப் பெற்று, செலவுச் சீட்டுடன் காட்டுக. அவ்வாறு செய்தால் பொதுப்பணமும் காக்கப்படும். குற்றமற்ற ஊழியர்மீது பழியும் சாராது.