நிலக்கீலுள் மறைந்திருக்கும் மெழுகு

உச்சி வெயிலிலே தார் வீதியில் வெறுங்காலுடன் நடந்தவர்க்கு அது இளகுந் தன்மையை எடுத்துக்கூற வேண்டியதில்லை. பேச்சு வழக்கில் நாம் தார் என்பது பெரும்பாலும் நிலக்கீலே. தார் நிலக்கரியிலிருந்து பெறப்படுவது. நிலக்கீலோ மசகெண்ணெயைக் காய்ச்சி வடித்தபின் அடியில் எஞ்சும் கரிய பொருள். சல்லிக்கற்களைப் பிணைத்து வைப்பது இதுவே. எனினும் எல்லா நிலக்கீலும் வெயிலுக்கு ஒரேவிதமாக இளகுவதில்லை. அதற்கு ஒரு காரணம், மசகெண்ணெயில் இயற்கையாகவே கலந்துள்ள மெழுகாகும்.

நிலக்கீலைத் தரம் பிரித்தற்கு நெடுங்காலமாகக் கையாளப்படுவது ஊசிச் சோதனை. 25 பாகை செல்சியசு வெப்பநிலையில், 100 கிராம் சுமையுடைய ஊசி 5 செக்கனில் எத்துணை ஆழம் புகுகின்றதென மில்லிமீற்றரின் பத்திலொரு கூறுகளில் அளப்பர். ஊசி குறைவாகப் புகின் நிலக்கீல் கடினமானதென்பது முடிபு. மிக எளிய சோதனைதான். ஆனால் மெழுகு இதனை ஏமாற்றவல்லது.

எங்ஙனமெனில், நிலக்கீலிலுள்ள மெழுகு ஒரே புள்ளியில் உருகாது, ஏறத்தாழ 20 பாகைக்கும் 70 பாகைக்கும் இடையே சிறிது சிறிதாக உருகுவது. 25 பாகையில் அதிற் பெரும்பகுதி நுண்பளிங்குகளாய் உறைந்து நின்று ஊசியைத் தடுக்கும். கடும் வெயிலில் வீதியின் மேற்பரப்பு 60 பாகையை எட்டக்கூடும். அப்பொழுது பளிங்குகள் உருகி எண்ணெய்போலாகிச் சுற்றியுள்ள நிலக்கீலை ஐதாக்கும். சோதனையிற் கடினமாயிருந்த அதே பொருள், பாரவண்டிகளின் சில்லுகள் ஓடுந் தடத்திற் பள்ளமாய் அமிழும். ஆகவேதான் 60 பாகையிற் பிசுக்குமையையும் அளத்தல் வேண்டுமென்பர். 1969 இல் ஒல்லாந்து ஆய்வாளர் ஹூக்கெலொம் வரைந்த விளக்கப்படம் இதனைக் கண்ணுக்குக் காட்டிற்று. சாதாரண நிலக்கீலின் அளவீடுகள் அதில் ஒரே நேர்கோட்டில் அமைவன. மெழுகு மிக்கதன் அளவீடுகளோ ஒன்றுக்கொன்று விலகிய இரு கோடுகளாய்ப் பிரிவன.

குளிரிலே தொல்லை வேறுவகையானது. பளிங்குகள் உடனே முற்றாக அமையாமல் மணிக்கணக்காக வளர்தலால், வெப்பநிலை மாறாதிருக்கவும் நிலக்கீல் மேலும் மேலும் விறைத்து, வெடிப்புக்கு இடமளிக்கும்.

இச்சிக்கலைச் சீனர் நன்கு அறிந்தவர். 1959 இற் கண்டுபிடிக்கப்பட்ட தாச்சிங் எண்ணெய்வயலின் மசகெண்ணெயில் ஏறக்குறைய கால்வாசி மெழுகே. எரிபொருளுக்கு நன்று, வீதிக்கு ஆகாது. 2004 ஆம் ஆண்டின் சீன வீதி விதிமுறை முதற்றர நிலக்கீலில் மெழுகு 2.2 வீதத்துக்கு மேற்படலாகாதென்றும், இரண்டாந் தரத்தில் 3 வீதம், மூன்றாந் தரத்தில் 4.5 வீதம் வரை இருக்கலாமென்றும் வகுத்தது. இவ்வெண்களைக் கண்மூடி ஒப்பிடுதல் தகாது. மெழுகைப் பிரித்தெடுக்கும் முறை மாறின் கிடைக்கும் அளவும் மாறும். அன்றியும் நேரிய நீள்சங்கிலி மூலக்கூறுகளாலான மெழுகு ஆக்கும் பருத்த பளிங்குகள், கிளைத்த மூலக்கூறுகளின் நுண்பளிங்குகளிலும் கூடிய கேடு விளைப்பன.

இத்துணையுங் கூறியபின், மெழுகை வேண்டுமென்றே நிலக்கீலிற் சேர்ப்பாரும் உளர் என்றால் வியப்பாயிருக்கும். தென்னாபிரிக்காவில் வாயுவிலிருந்து தொகுக்கும் செயற்கை மெழுகு 100 பாகையளவிலேயே உருகும். எனவே வெயிலில் அது பளிங்காகவே நின்று வீதிக்கு வலிவூட்டும். கலவை காய்ச்சும்போதோ உருகிப் பிசுக்குமையைக் குறைப்பதால் 20 முதல் 30 பாகை குறைந்த சூட்டிலே வேலையை முடிக்கலாம். ஆயினும் கடுங்குளிர் நாடுகளில் இதனையும் அளவறிந்தே சேர்த்தல் வேண்டும். அங்கு இதன் பளிங்குகளும் நிலக்கீலை விறைக்கச் செய்வனவே.