முடைந்த முகங்கள்

எட்டி நின்று பார்த்தால் வியட்நாமியர் ஒருவரின் பழைய படம். நாலடி முன்னே வந்தால், அதன் ஊடாக ஹாலிவுட் போர்ப்படத்தின் காட்சி எழும்பி வருகிறது. இன்னும் கிட்டப் போனால் இரண்டுமே கலைந்து, குறுக்கும் நெடுக்குமாக ஓடும் காகிதக் கீற்றுகள் மட்டும்தான்.

இப்படிப் புகைப்படங்களைப் பாயாக முடைந்தவர் டின் கியூ லே. வியட்நாமில், கம்போடிய எல்லையோரம் ஹா தியென் ஊரில் 1968இல் பிறந்தவர். கம்போடியாவின் கெமர் ரூஜ் படைகள் எல்லை தாண்டி வந்து தாக்க, 1978இல் குடும்பம் தாய்லாந்துக்குத் தப்பி, பிறகு அமெரிக்கா போய்ச் சேர்ந்தது. சிறுவயதில் குடும்பத்துப் பெண்ணொருவரிடம் பழகிய புல்பாய் வேலை, கலை படிக்கும் காலத்தில் கைகொடுத்தது. பெரிதாக அச்சிட்ட இரண்டு படங்களை நீளவாக்கில் நறுக்குவார். ஒன்று பாவு, இன்னொன்று ஊடை. மேலேற்றி, அடியில் நுழைத்து முடைந்து, ஓரங்களை லினன் டேப்பால் ஒட்டிவிடுவார்.

பத்து வயதில் ஊரை விட்ட பிள்ளைக்கு வியட்நாம் போர் இரண்டாம் முறை சினிமாவாக வந்தது. கண்ணால் கண்டது எது, திரையில் பார்த்தது எது என்ற குழப்பத்திலிருந்துதான் 2003இல் தொடங்கிய ‘வியட்நாமிலிருந்து ஹாலிவுட்டுக்கு’ வரிசை பிறந்தது. தூரிகையாக இருந்தால் இரண்டையும் குழைத்து ஒரே நிறமாக்கியிருக்கும். முடைதலில் எந்தக் கீற்றும் தன் நிறத்தை விடுவதில்லை. ஒன்றை உருவினால் மற்றதும் குலைந்துவிடும். புலம்பெயர்ந்தவரின் மனதை இவ்வளவு நேர்மையாகச் சொன்ன கைவேலையை நான் வேறு அறியேன்.

தொண்ணூறுகளில் வியட்நாம் திரும்பியவர், பழைய பொருள் கடைகளில் கிடந்த யார் யாருடைய குடும்பப் படங்களையோ வாங்கிக் குவித்தார். ஊரைவிட்டு ஓடியவர்கள் விட்டுப்போன கல்யாணப் படங்கள், குழந்தைப் படங்கள். தன் வீட்டுப் படமும் அகப்படாதா என்ற ஆசை. அது அகப்படவேயில்லை. கிடைத்தவற்றை நூலால் கோத்து 1998இல் பெரிய திரையாகத் தொங்கவிட்டார். படங்களின் முதுகில் கடித வரிகள், வியட்நாமியரின் பெருங்காவியமான ‘கியூவின் கதை’யிலிருந்து பகுதிகள், அமெரிக்க வியட்நாமியர் சொன்ன அனுபவங்கள். பெயர் தெரியாத முகங்களுக்குப் பேச்சு கிடைத்தது அங்கேதான்.

2024 ஏப்ரலில் ஹோ சி மின் நகரில் லே காலமானார். அங்கே 2007இல் சில கலைஞர்களோடு சேர்ந்து அவர் தொடங்கியது ‘சான் ஆர்ட்’ கலைக்கூடம். போரைப் பெற்றோர் வாய்வழியாக மட்டுமே அறிந்த தலைமுறைக்குத் தன் படைப்பைக் காட்ட ஓர் இடம் கிடைத்தது.