தோட்டம் நகராகும்போது குடியிருப்பவர் குரல் எங்கே ஒலிக்க வேண்டும்?

நெகிரி செம்பிலானில் நீலாய், லாபு, சிரம்பான், போர்ட்டிக்சன் பகுதிகளில் பயணம் செய்பவர்களுக்கு ஒரு மாற்றம் நன்றாகவே தெரியும். பால்மரமும் செம்பனையும் நின்ற நிலங்களில் மாடி வீடுகளும் தொழிற்பேட்டைகளும் எழுந்துவிட்டன. 1998இல் சிப்பாங்கில் அனைத்துலக விமான நிலையம் திறக்கப்பட்ட பின் இந்த மாற்றம் வேகம் பிடித்தது. சிரம்பான் 2, பண்டார் என்ஸ்டெக், பண்டார் ஸ்ரீ செண்டாயான் எனப் புதிய நகர்கள் உருவாயின. அடுத்ததாக, சிரம்பான், போர்ட்டிக்சன் ஆகிய இரு மாவட்டங்களையும் தழுவி 1 லட்சத்து 50 ஆயிரம் ஹெக்டருக்கும் மேற்பட்ட பரப்பில் மலேசிய விஷன் வேலி 2.0 திட்டம் வரையப்பட்டிருக்கிறது.

மேம்பாடு வேண்டாம் என்று தோட்ட மக்கள் சொல்வதில்லை. வேலை வாய்ப்பும் நல்ல சாலையும் அவர்களுக்கும் தேவை. ஆனால் லயத்து வீடு, கோயில், தமிழ்ப்பள்ளி, இடுகாடு ஆகியவற்றின் கதி என்ன என்பதை மண்வாரி இயந்திரம் வந்து நின்ற பிறகுதான் தெரிந்துகொள்ள வேண்டுமா? இதுவே இவ்வாரம் அலசப்படும் கேள்வி.

சட்டம் என்ன சொல்கிறது?

தோட்டம் கைமாறுவது புதிய கதையல்ல. 1950களில் வெளிநாட்டு முதலாளிகள் தோட்டங்களை விற்றபோது அவை துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டன. ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலையோடு வீட்டையும் இழந்தனர். தொழிலாளர்களே பங்குதாரர்களாகித் தோட்டம் வாங்க வேண்டும் என்ற நோக்கத்தில், துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பின்னர் தேசிய நிலச் சட்டத்தில் 214ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. அதன்படி, 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தின் உரிமையை மாற்றத் தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும். விவசாய நிலத்தைக் கட்டட நிலமாக மாற்றுவது தனி விண்ணப்பம். அதை முடிவு செய்வது மாநில அரசு.

அந்த நிலத்தில் எதைக் கட்டலாம் என்பதை 1976ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டம் நிர்ணயிக்கிறது. இது சட்டம் 172 என்று அழைக்கப்படுகிறது. தோட்ட மக்கள் கவனிக்க வேண்டிய முக்கிய விஷயம் இதில்தான் உள்ளது.

ஒரு வட்டாரத்திற்கு உள்ளூர்த் திட்டம் இல்லையென்றால், திட்டமிடல் அனுமதி கேட்டு விண்ணப்பம் வரும்போது அக்கம்பக்க நில உரிமையாளர்களுக்கு அறிவிப்புக் கொடுக்கப்பட வேண்டும். அவர்கள் 21 நாட்களுக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். ஆனால் அறிவிப்பு போவது நிலப்பட்டா வைத்திருப்பவருக்குத்தான். மூன்று தலைமுறையாக லயத்தில் குடியிருந்தாலும், பட்டாவில் பெயர் இல்லாதவர் சட்டத்தின் கண்ணில் உரிமையாளர் அல்லர். உள்ளூர்த் திட்டம் அரசிதழில் வெளியாகிவிட்டால் பக்கத்து நிலக்காரருக்கே இந்த அறிவிப்பைக் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

அப்படியானால் வழியே இல்லையா? இருக்கிறது. உள்ளூர்த் திட்டம் வரைவாக இருக்கும்போது அதைப் பொதுப்பார்வைக்கு வைக்க வேண்டும். நான்கு வாரங்களுக்குக் குறையாத கால அவகாசத்தில் ஆட்சேபங்கள் பெறப்பட வேண்டும். அங்கே பட்டா கேட்கப்படுவதில்லை. வாடகைக்காரரும் தோட்டத் தொழிலாளியும் கோயில் நிர்வாகமும் பள்ளிப் பெற்றோர் சங்கமும் எழுதலாம். வரைபடத்தில் மஞ்சள் அல்லது ஊதா நிறம் பூசப்படும் அந்த நாளில்தான் ஒரு தோட்டத்தின் எதிர்காலம் பெரும்பாலும் முடிவாகிறது. அன்று வாய்மூடி இருந்துவிட்டுப் பின்னர் மறியல் செய்வது, வெள்ளம் வந்தபின் அணை கட்டுவது போன்றதே.

பணம் வேறு, வீடு வேறு

தோட்டம் மூடப்பட்டால் 1980ஆம் ஆண்டின் பணிநீக்க உதவித்தொகை விதிகள் கைகொடுக்கும். ஐந்தாண்டுகளும் அதற்கு மேலும் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளம் கிடைக்கும். ஆனால் அந்த விதிகளில் வீடு பற்றிய பேச்சே இல்லை. லயத்து வீடு வேலையோடு வந்தது, வேலையோடு போகிறது. மாற்று வீடு என்பது பேச்சுவார்த்தையில் பெறுவது. ஆகவே அதை எழுத்தில் பெற வேண்டும்.

கோலாலம்பூர் புக்கிட் கியாராவில் நடந்தது இதற்குச் சாட்சி. அங்கிருந்த ரப்பர் தோட்டம் அரசாங்கத்தால் எடுக்கப்பட்ட பின், 1980களின் தொடக்கத்தில் தொழிலாளர் குடும்பங்கள் தற்காலிக நீண்ட வீடுகளுக்கு மாற்றப்பட்டன. அந்தத் தற்காலிகம் பல பத்தாண்டுகள் நீண்டது. பின்னர் அவர்களுக்கான நிரந்தர வீடுகள், ரிம்பா கியாரா பூங்காவில் திட்டமிடப்பட்ட பெரிய அடுக்குமாடித் திட்டத்தோடு இணைக்கப்பட்டன. அக்கம்பக்கக் குடியிருப்பாளர்கள் வழக்குத் தொடுத்தனர். 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் அத்திட்டத்தின் மேம்பாட்டு ஆணை செல்லாது என்று தீர்ப்பளித்தது. திட்டமிடல் முடிவுக்குக் காரணம் சொல்லப்பட வேண்டும் என்ற கொள்கை இதனால் வலுப்பெற்றது. பூங்கா தப்பியது. ஆனால் தோட்டக் குடும்பங்களின் வீடு மீண்டும் கேள்விக்குறியானது. வீட்டு வாக்குறுதி வேறொருவரின் லாபத் திட்டத்தோடு முடிச்சுப் போடப்பட்டால், அது விழும்போது இதுவும் சேர்ந்து விழும். நெகிரி செம்பிலான் தோட்ட மக்கள் மனத்தில் கொள்ள வேண்டிய பாடம் இது.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, தங்கள் தோட்டம் எந்த ஊராட்சியின் கீழ் வருகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். சிரம்பான், நீலாய் நகராண்மைக் கழகங்கள் 2020 ஜனவரி 1 முதல் இணைந்து சிரம்பான் மாநகர் மன்றமாகிவிட்டன. போர்ட்டிக்சனுக்குத் தனி நகராண்மைக் கழகம் உண்டு. அங்குள்ள திட்டமிடல் பிரிவில் 'ரஞ்சாங்கான் தெம்பாத்தான்' என்று கேட்டால் உள்ளூர்த் திட்டத்தைப் பார்க்கலாம்.

இரண்டாவதாக, கோயில், பள்ளி, இடுகாடு, ஓடை ஆகியவை வரைபடத்தில் குறிக்கப்பட்டுள்ளனவா என்று சரிபார்க்க வேண்டும். தோட்டப் பள்ளிகள் பல தனியார் நிலத்தில் நிற்பவை. வரைபடத்தில் இல்லாத பள்ளியைப் பின்னாளில் காப்பாற்றுவது கடினம்.

மூன்றாவதாக, ஆட்சேபத்தை எழுத்தில், பலர் கையெழுத்துடன், காலக்கெடுவுக்குள் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையைப் பிரதியில் வாங்கி வைக்க வேண்டும். நேரில் கருத்துச் சொல்ல வாய்ப்பு வேண்டும் என்பதையும் அதிலேயே குறிப்பிடுவது நல்லது.

பட்டா இல்லை என்பதால் பேசும் உரிமையும் இல்லை என்று நினைத்து ஒதுங்கியவர்களே அதிகம் இழந்திருக்கிறார்கள். அடுத்த வரைவுத் திட்டம் பார்வைக்கு வைக்கப்படும் நாளில், மாநகர் மன்றக் கூடத்தில் மேம்பாட்டு நிறுவனங்களின் பிரதிநிதிகளோடு தோட்டத்து மக்களும் வரிசையில் நிற்க வேண்டும்.