வெளிக்கால்

மாலை நேரத்தில் மலாக்காவின் செங் பக்கம் வீடமைப்புப் பகுதிகளைச் சுற்றிவந்தால், விளக்கெரியும் பொது மண்டபங்களில் பூப்பந்துச் சத்தம்தான் கேட்கும். மலேசியத் தமிழர்களுக்கு அது சொந்த விளையாட்டு. பஞ்ச் குணாளன் 1970 ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஒற்றையர் தங்கம் வென்றவர்; 1974-இல் ஆல் இங்கிலாந்து இறுதியாட்டம் வரை போனவர். அவரைப் பற்றிப் பேசும் வீடுகள் இன்றும் உண்டு. அப்படிப்பட்ட வீட்டிலிருந்து பூப்பந்து பழகிய, வலது கையால் ஆடும் ஒரு பிள்ளையை டென்னிஸ் திடலுக்கு அழைத்துப் போய், இடப்பக்கம் தள்ளி ஒரு பந்தை அடித்துப் பாருங்கள். பிள்ளை என்ன செய்யும் என்பது ஏறத்தாழ நிச்சயம். வலது காலைக் குறுக்கே வீசிப் போடும், வலைக்கு முதுகைக் காட்டும், கடைசி நொடியில் மணிக்கட்டைச் சுண்டும்.

பூப்பந்தில் அது சரியான பேக்ஹேண்ட். இறகுப்பந்தின் எடை 5 கிராம் அளவுதான், அதை விரட்ட மணிக்கட்டு போதும். டென்னிஸ் பந்தோ 56 முதல் 59.4 கிராம் வரை இருக்கும். பதினோரு மடங்கு கனமான ஒன்று வேகமாக வந்து மோதும்போது மணிக்கட்டு தோற்றுப் பின்னால் மடங்குகிறது. பந்து கோட்டுக்கு வெளியே போகிறது. பிள்ளையும் இன்னும் இடப்பக்கமாகத் தடுமாறி ஓடிக்கொண்டிருக்கிறது. அடுத்த பந்து வலப்பக்கம் வந்தால் கதை முடிந்தது.

அப்படியானால் பலம் எங்கிருந்து வர வேண்டும்? இடது காலிலிருந்து. பந்தை நோக்கி ஓடும்போது வலையின் நடுவிலிருந்து தூரத்தில் இருக்கும் கால் அது. வெளிக்கால் என்று சொல்லலாம்.

பழைய முறை வேறு. இந்திய வீரர் ராமநாதன் கிருஷ்ணன் 1960, 1961 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் விம்பிள்டன் அரையிறுதி வரை சென்றபோது ஆட்டம் புல்தரையில், மரமட்டையில் நடந்தது. புல்லில் பந்து தாழ்வாக வழுக்கி வரும். வலது காலை முன்னே எடுத்து வைத்து, முழங்காலை மடக்கி, உடல் எடையைப் பந்துக்குள் சாய்த்து, ஒற்றைக் கையால் அடிப்பதே அதற்கு ஏற்ற வழி. அந்த அழகை இன்றும் எந்தப் பயிற்சியாளரும் குறை சொல்லமாட்டார். ஆனால் காலை முன்னே எடுத்து வைக்க நேரம் வேண்டும். திடலின் நீளம் 23.77 மீட்டர். சராசரியாக மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து அதை ஒரு விநாடிக்குள் கடந்துவிடும். கெட்டித்தரையில் தோள் உயரத்துக்கு எழும்பி, ஓரமாக ஒதுங்கிப் போகும் பந்துக்கு, ஓடிச் சேர்ந்த பிறகு இன்னொரு அடி எடுத்து வைக்க அவகாசமே இல்லை. அங்கே பிறந்ததுதான் ஓப்பன் ஸ்டான்ஸ். வலது கால் வலைப்பக்கம் திறந்தபடியே நிற்க, இடது கால் மட்டும் பந்தின் பின்னால் போய் ஊன்றிக்கொள்கிறது.

ஊன்றிய கால் பலம் தருவதை விளக்க எனக்கு மலாக்காவின் பால்மரத்தைவிட நல்ல உதாரணம் கிடைக்கவில்லை. 1896-இல் டான் சாய் யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ஏறத்தாழ 40 ஏக்கரில் ரப்பர் கன்றுகளை நட்டார். மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டம் அது. பின்னால் எழுந்த தோட்டங்களின் லயங்களில்தான் நம் முன்னோர் பலர் வாழ்ந்தார்கள். பிள்ளைகள் ஒட்டுப்பாலை இழுத்துச் சுற்றிப் பந்தாக்கி விளையாடினார்கள். கடையில் வாங்கும் டென்னிஸ் பந்தின் மஞ்சள் மேலுறைக்கு உள்ளே இருப்பதும் ரப்பர் கூடுதான். 254 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து போட்டால் 135 முதல் 147 சென்டிமீட்டர் வரை அது எழும்ப வேண்டும் என்பது விதி. நசுங்கும்போது வாங்கிய ஆற்றலில் பாதிக்குச் சற்று மேல் திரும்பக் கொடுக்கிறது. மீதி பெரும்பாலும் சூடாகிப் போகிறது.

உடலும் இப்படி ஆற்றலை வாங்கிக் கொடுக்கிறது. ஓடிவந்த வேகம் முழுவதும் இடது காலில் இறங்கும்போது முழங்கால் மடங்குகிறது. தொடையும் புட்டமும் கெண்டைக்காலும் இறுகிய நிலையிலேயே நீளுகின்றன. அதே வேளையில் தோள்கள் பக்கவாட்டில் நன்றாகத் திரும்பியிருக்கின்றன, இடுப்போ பாதிதான் திரும்பியிருக்கிறது. இரண்டுக்கும் இடையில் வயிற்றின் சாய்தசைகள் முறுக்கிய துணிபோல இழுபடுகின்றன. ஓப்பன் ஸ்டான்ஸின் ரகசியம் இந்த முறுக்கு. கால் தரையை வெளிப்பக்கம் தள்ள, தரை உடலை உட்பக்கம் தள்ளுகிறது. முதலில் இடுப்பு, பிறகு வயிறு, தோள், கை என்று முறுக்கு வரிசையாக அவிழ்கிறது. மட்டைக்கு அந்த வேகம் கடைசியாகத்தான் வந்து சேர்கிறது.

இதில் எனக்கு மிகவும் வியப்பான செய்தி ஒன்று உண்டு. இழுபட்ட தசை உடனே சுருங்கினால்தான் கூடுதல் பலம் கிடைக்கும். நீட்டிய நிலையிலேயே காத்திருந்தால் அந்த லாபம் கரைந்துவிடும். ஆகவே முன்கூட்டியே போய்க் காலை ஊன்றி, மடங்கிய முழங்காலோடு பந்துக்காகக் காத்திருப்பவர் நல்லது செய்வதாக நினைத்துச் சேர்த்ததை இழக்கிறார். சின்னச் சின்ன அடிகளாக வைத்துக்கொண்டே இருந்து, கடைசி அடி விழுவதும் மட்டை வீச்சு தொடங்குவதும் ஒன்றாக அமைய வேண்டும். எதிராளி பந்தை அடிக்கும் கணத்தில் வீரர்கள் லேசாகத் துள்ளி இறங்குவதும் இதற்காகத்தான். அந்தத் துள்ளல் கெண்டைக்காலை இழுத்து, முதல் அடிக்குத் தயாராக்குகிறது.

தோட்டத்தில் பால்மரம் வெட்டுபவரைக் கவனித்தவர்களுக்கு இன்னொன்றும் புரியும். பால்வெட்டுக் கத்தி இரண்டு கைகளிலும் இருக்கும், ஆனால் கோட்டை நடத்துவது கால்தான். முழங்கால் மடங்கியபடி மரத்தைச் சுற்றி அவர் நகர நகர, கத்தி பட்டையைச் சீவிக்கொண்டு போகும். கை எட்டிப் பிடிக்கப் போனால் கத்தி ஆழம் மாறி மரத்தைக் காயப்படுத்திவிடும். இரட்டைக் கை பேக்ஹேண்டும் அப்படித்தான். கைகள் உடலுக்கு முன்னால் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். அந்த இடத்தைப் பந்திடம் கொண்டு சேர்ப்பது காலின் வேலை.

எந்த இடம் அது? பழைய முறையில் முன்னே வைத்த கால் அடையாளமாக இருந்தது. ஓப்பன் ஸ்டான்ஸில் அந்த அடையாளம் இல்லாததால் பலரும் பந்தை இடது இடுப்பு வரை வரவிட்டுவிடுகிறார்கள். வலது இடுப்பைக் கணக்கில் வையுங்கள். வலைப்பக்கமாக அதற்குச் சற்று முன்னால், இடுப்பு உயரத்தை ஒட்டிப் பந்தைச் சந்திக்க வேண்டும். ஒற்றைக் கையில் அடிப்பவருக்கு இது இன்னும் முன்னால் தள்ளிப் போகும். அடிக்கும் தோள் வலைப்பக்கம் இருக்கிறது; பின்னாலிருந்து தள்ள வேறு கையும் இல்லை. ஓப்பன் ஸ்டான்ஸ் இரட்டைக் கைக்கு எளிதாகப் பொருந்துவதும் அதனால்தான். இடது கை அங்கே ஏறத்தாழ ஓர் இடதுகை ஃபோர்ஹேண்ட் அடிக்கிறது.

சில சென்டிமீட்டருக்கு இவ்வளவு பேச்சா என்று தோன்றலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். மட்டையின் தலை விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில், சுமார் 1 மீட்டர் ஆரத்தில் சுற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மில்லிவிநாடிக்குள் அதன் முகம் 1 பாகைக்கு மேல் திரும்பிவிடும். விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் வரும் பந்து 10 சென்டிமீட்டர் கடக்க எடுக்கும் நேரம் 5 மில்லிவிநாடி. அவ்வளவு தாமதித்தால் முகம் ஏறத்தாழ 6 பாகை பின்தங்கியிருக்கும். முகம் காட்டும் திசையிலேயே பந்து போகும் என்று கொண்டால், 20 மீட்டர் தள்ளி 2 மீட்டர் விலகல். ஒற்றையர் திடலின் மொத்த அகலமே 8.23 மீட்டர். பந்து மட்டை நரம்புகளில் தங்குவதும் வெறும் 4, 5 மில்லிவிநாடிதான். பிறகு திருத்த வழியே இல்லை. 1989 ஆஸ்திரேலிய ஓப்பனில் அன்றைய உலக முதல்நிலை வீரர் மாட்ஸ் விலாண்டரை ராமநாதன் கிருஷ்ணனின் மகன் ரமேஷ் கிருஷ்ணன் வென்றார். பலத்துக்குப் பேர் போனவர் அல்லர் அவர். வந்த வேகத்தையே வாங்கி, சரியான இடத்தில் மட்டையை வைக்கத் தெரிந்தவர்.

நோவாக் ஜோக்கோவிச் கெட்டித்தரையிலும் இடது காலைச் சறுக்கவிட்டுக்கொண்டே இந்த அடியை அடிக்கிறார். சறுக்கும்போது வேகம் படிப்படியாகக் குறைகிறது. சறுக்கல் நிற்கும் இடத்தில் பந்தும் இருக்கிறது. பூப்பந்துப் பிள்ளை செய்வதுபோல வலது காலைக் குறுக்கே போட்டிருந்தால், அடித்த பிறகு இன்னும் ஓரடி வெளியே போய், அதன்பின்தான் திரும்ப முடியும். அவருக்கோ அடித்த அதே கால், தரையைத் தள்ளிய அதே தள்ளலில், அவரைத் திடலின் நடுப்பக்கம் அனுப்பிவிடுகிறது. பந்து வலையைத் தாண்டும்போது அவர் ஏற்கெனவே திரும்பி வந்துகொண்டிருக்கிறார்.