பாலைவனத்தில் ஒரு தரும ஓட்டம்

(இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

ஓட்டப் பந்தயம் என்றதும் நம் கண்முன் வருவது, கல்லூரி விளையாட்டு விழாவில் சுண்ணாம்புக் கோடுகளுக்கிடையே நடைபெறும் நூறு மீட்டர் ஓட்டமே. 42 கி.மீ. 195 மீட்டர் தூரமுள்ள மாரத்தான் ஓட்டத்தையும் நாம் அறிவோம். அதனினும் நீண்ட ஓட்டங்கள் உண்டு. அவற்றுள் மிகக் கடினமானவை, பாலைவனத்தில் பல நாட்கள் தொடர்ந்து நடைபெறும் ஓட்டங்களாகும். இவற்றில் கலந்துகொள்வோரில் பலர் பரிசை நாடி ஓடுவதில்லை. நோயாளிகளுக்கும் ஆதரவற்ற குழந்தைகளுக்கும் நிதி திரட்டவே ஓடுகின்றனர்.

இதைப் பற்றிப் படித்ததை வீட்டில் என் ஆயாவிடம் சொன்னேன். வாழ்நாளெல்லாம் கடலைக்காட்டில் வெயிலில் உழைத்தவர் அவர். சற்று யோசித்துவிட்டு, "நீ ஓடுனா ஆரு கண்ணு காசு குடுப்பா? குடுக்கற மனசு இருந்தா ஓடாமயே குடுத்தா ஆவாதா?" என்று கேட்டார். எனக்கு உடனே விடை சொல்லத் தெரியவில்லை. அந்த விடையைத் தேடியதன் பயனே இக்கட்டுரை.

சகாரா ஓட்டம்

1984-ஆம் ஆண்டில் பாட்ரிக் பாவர் என்ற பிரெஞ்சுக்காரர், உணவையும் நீரையும் முதுகில் சுமந்துகொண்டு சகாரா பாலைவனத்தில் சுமார் 350 கி.மீ. தூரம் தனியாக நடந்தார். அவ்வனுபவத்தைக் கொண்டு 1986-இல் மொராக்கோ நாட்டில் அவர் தொடங்கியதே 'மாரத்தான் தெ சாப்ல்' என்னும் மணல்வெளி ஓட்டம். முதல் ஆண்டில் ஓடியவர்கள் 23 பேர் மட்டுமே. பின்னர் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கானோர் பல நாடுகளிலிருந்தும் வரலாயினர். மொராக்கோ நாட்டவரான லஹ்சன் அஹன்சல் இதில் 10 முறை வெற்றி பெற்றிருக்கிறார்.

மொத்தத் தூரம் சுமார் 250 கி.மீ. அதனை ஒரு வார காலத்தில் பகுதி பகுதியாக ஓட வேண்டும். அவற்றுள் ஒரு பகுதி மட்டும் ஏறத்தாழ 80 கி.மீ. இருக்கும். குடிநீரையும், இரவில் தங்கக் கூடாரத்தையும் ஏற்பாட்டாளர்கள் தருவார்கள். உணவு, படுக்கை, மருந்து, திசைகாட்டி முதலியவற்றை ஓடுபவரே சுமக்க வேண்டும். நாளொன்றுக்குக் குறைந்தது 2,000 கலோரி உணவு பையில் இருக்க வேண்டும் என்பது விதி.

இது விளையாட்டன்று என்பதற்கு ஒரு நிகழ்ச்சி சான்று. 1994-ஆம் ஆண்டு ஓட்டத்தில் மௌரோ புரோஸ்பெரி என்ற இத்தாலியக் காவலர் மணற்புயலில் வழி தவறினார். ஏறத்தாழ பத்து நாட்கள் அலைந்து, எல்லை கடந்து அல்ஜீரியாவில் போய்ச் சேர்ந்த பிறகே உயிருடன் மீட்கப்பட்டார்.

உடலின் வரவு செலவு

ஒருவர் தம் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு கி.மீ. ஓட, ஏறத்தாழ ஒரு கலோரி செலவாகிறது. 60 கிலோ எடையுள்ளவர் 10 கிலோ பையுடன் 250 கி.மீ. ஓடினால் 17,500 கலோரி செலவாகும். சும்மா இருந்தாலும் உயிர் வாழ நாளொன்றுக்குச் சுமார் 1,500 கலோரி வேண்டும். ஏழு நாளைக்கு 10,500. ஆக மொத்தம் 28,000. இது கெட்டித் தரைக்கான கணக்கு. மணலில் கால் புதைவதால், ஓடுவதற்கான செலவு ஒன்றரை மடங்குக்கும் மேலாகிவிடும்.

விதிப்படி சுமக்கும் உணவோ குறைந்த அளவாக 14,000 கலோரிதான். மீதியை உடலிலுள்ள கொழுப்பு ஈடுகட்ட வேண்டும். 14,000 கலோரியை அரிசியாகச் சுமந்தால் சுமார் 4 கிலோ. நிலக்கடலையாகச் சுமந்தால் இரண்டரைக் கிலோ. கொழுப்புச் சத்து ஒரு கிராமுக்கு 9 கலோரியும், மாவுச் சத்து 4 கலோரியும் தருவதே இதற்குக் காரணம். நம் ஊர்க் கடலை மிட்டாயின் பெருமை சகாராவில்தான் முழுமையாக விளங்கும் போலும்!

பயிற்சி முறை

"அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்" என்பது பழமொழி. இப்பயிற்சியின் சாரமும் அதுவே. இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் பழகிவிடும். எலும்பும் தசைநாணும் பழகப் பல மாதங்கள் ஆகும். இதை உணராமல் அவசரப்படுவோரே முழங்கால் வலியால் பாதியில் நிற்கின்றனர். ஆகவே ஓராண்டுக்கு முன்பே தொடங்கி, வாரந்தோறும் தூரத்தைச் சுமார் பத்தில் ஒரு பங்கு மட்டுமே கூட்ட வேண்டும்.

அடுத்தது, தொடர்ந்து இரு நாட்கள் நெடுந்தூரம் ஓடிப் பழகுதல். முதல் நாள் களைப்பு தீராத கால்களால் மறுநாளும் ஓடுவதே பல நாள் ஓட்டத்தின் உண்மையான சோதனை. மூன்றாவது, சுமை. இரண்டு கிலோவில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்ட வேண்டும். நான்காவது, மணல். நம் மாவட்டத்தில் மோகனூர்ப் பக்கம் காவிரி வற்றியிருக்கும் காலத்தில், துணையோடு சென்று மணலில் நடந்து பார்த்தால் அதன் கடுமை புரியும். ஐந்தாவது, பாதம். ஒரு சிறு கொப்புளம் ஆயிரம் மைல் கனவையும் அழித்துவிடும்; எனவே, நாள் முழுதும் ஓடிக் கால் வீங்கினாலும் இறுக்காத காலணி வேண்டும்.

வெயில், நீர், உப்பு

ஓடும்போது தசைகள் எரிக்கும் ஆற்றலில் ஏறத்தாழ முக்கால் பங்கு வெப்பமாகிறது. அதை வெளியேற்ற உடலுக்குள்ள பெரும் வழி வியர்வையே. ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் சுமார் 580 கலோரி வெப்பம் நீங்கும். வழிந்து கீழே சொட்டும் வியர்வையால் பயனில்லை. கடற்கரை ஊர்களைவிட வறண்ட உள்நாட்டில் வியர்வை விரைவில் உலர்வதன் பயன் இதுவாகும்.

பத்து முதல் பதினான்கு நாட்கள் வரை தினமும் ஒரு மணி நேரம் வெயிலில் உழைத்தால், உடல் அதற்குப் பழகுகிறது. இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது. வியர்வை முன்னதாகவே சுரக்கிறது. வியர்வையில் உப்பு குறைகிறது. நாடித் துடிப்பு தணிகிறது. குளிர்நாட்டு வீரர்கள் இதற்காகச் சூடேற்றிய அறைக்குள் ஓடுகிறார்கள். நம் மாவட்டத்தில் சித்திரை வெயில் 40 டிகிரியைத் தொடுவதுண்டு. நமக்கு அறை தேவையில்லை. ஆயினும் தலைசுற்றல், குழப்பம், நடை தள்ளாட்டம் தோன்றினால் உடனே நின்றுவிட வேண்டும். உடல் வெப்பம் 40 டிகிரியைக் கடந்தால் உயிருக்கே ஆபத்து.

வெறும் தண்ணீரை அளவின்றிக் குடிப்பதும் தவறு. இரத்தத்தில் சோடியம் குறைந்து மயக்கம், வலிப்பு வரை கொண்டுபோய்விடும். நீருடன் உப்பும் வேண்டும். காட்டு வேலைக்குப் போகும்போது என் ஆயா தூக்குப் போசியில் கொண்டுபோகும் உப்பிட்ட மோர், உடலியல் நூல் கூறும் அதே மருந்துதான்.

நடந்ததால் கிடைத்த சோறு

இனி ஆயாவின் கேள்விக்கு வருவோம். சகாராவுக்கு ஈடான தூரத்தை, சித்திரை வெயிலில், நம்மவர்களே நடந்திருக்கிறார்கள். 1930-ஆம் ஆண்டு ஏப்ரல் 13-ஆம் நாள் இராஜாஜியின் தலைமையில் சுமார் நூறு தொண்டர்கள் திருச்சியிலிருந்து வேதாரண்யத்திற்கு உப்பெடுக்கப் புறப்பட்டனர். தூரம் ஏறத்தாழ 150 மைல், அதாவது 240 கி.மீ. நாளுக்குச் சுமார் பத்து மைல் வீதம் பதினைந்து நாட்கள் நடந்தனர். இராஜாஜி 1925-இல் ஆசிரமம் அமைத்தது நம் திருச்செங்கோட்டுக்கு அருகேயுள்ள புதுப்பாளையத்தில். அந்த யாத்திரைக்குப் பாட்டு எழுதிக் கொடுத்தவர் நம் நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளை.

தொண்டர்களுக்குச் சோறும் இடமும் கொடுப்போர் தண்டிக்கப்படுவர் எனத் தஞ்சை மாவட்ட ஆட்சியர் தார்ன் எச்சரித்தார். மக்களோ, உணவுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டனர்! திருச்சியில் உட்கார்ந்துகொண்டு கேட்டிருந்தால் அச்சோறு கிடைத்திருக்குமா? தம் வாசல் வழியே நடந்து செல்பவரின் வருத்தத்தைக் கண்ணால் கண்டதால்தான் மக்கள் துணிந்தனர்.

கனடா நாட்டு டெர்ரி ஃபாக்ஸின் கதையும் இதுவே. எலும்புப் புற்றுநோயால் 18 வயதில் வலது காலை இழந்த அவ்விளைஞர், புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட 1980 ஏப்ரல் 12-இல் செயற்கைக் காலுடன் ஓடத் தொடங்கினார். நாள்தோறும் ஏறத்தாழ ஒரு மாரத்தான் தூரம். 143 நாட்களில் 5,373 கி.மீ. நோய் நுரையீரலுக்குப் பரவியதால் ஓட்டம் நின்றது. 1981 ஜூனில் அவர் மறைந்தார். அதற்குள் திரண்ட நிதி 2 கோடியே 40 லட்சம் டாலர். தம் ஓட்டத்தால் எந்த வணிக நிறுவனமும் ஆதாயம் பெறக்கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

ஆகவே, ஓடாமலும் கொடுக்கலாம். ஆனால் கேட்பவன் தானும் வருந்தத் தயார் என்று காட்டும்போது, கொடுப்பவருக்கு நம்பிக்கை பிறக்கிறது. ஓட்டம் என்பது அந்த நம்பிக்கைக்கு வைக்கும் ஈடு. அந்த ஈடு பொய்யாகிவிடவும் கூடும். சகாரா சென்று ஓடச் சில லட்சம் ரூபாய் செலவாகும். அச்செலவைத் தரும நிதியிலிருந்தே எடுத்தால், ஊரார் காசில் உல்லாசப் பயணம் போனதாகவே முடியும். பயிற்சியின்றி ஓடி விழுந்தால், பிறருக்கு உதவப் போனவனே பிறருக்குச் சுமையாவான். தன் செலவு தன்னுடையது, உடலுக்குப் பயிற்சி, பணத்திற்குக் கணக்கு: இம்மூன்றும் இல்லாத ஓட்டம் தருமமாகாது.

நாம் சகாராவுக்குப் போக வேண்டியதில்லை. நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் நாமக்கல்லிலிருந்து மோகனூர் காவிரிக்கரை வரை, கட்டுச்சோற்றை அவரவரே சுமந்து, நான்கு நாட்கள் காலையில் சென்று மாலையில் திரும்பலாம். திரளும் தொகையை அரசு மருத்துவமனை நோயாளிகளுக்கு அளித்து, மறு வாரமே கணக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம். ஆசிரியப் பெருமக்கள் இதனை எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

இதையெல்லாம் ஆயாவிடம் சொன்னேன். "கணக்க ஒட்டறதுன்னா செரி, எம் பேருலயும் பத்து ரூவா எழுதிக்க" என்றார். முதல் நன்கொடை வந்துவிட்டது, நண்பர்களே; இனி நடக்க வேண்டியது நாம்தான்.