ஆட்டின் வயிற்றில் வாழும் நண்பர்கள்

கடந்த வருடம் கலியாண வீட்டில் மிஞ்சிய சோற்றை எங்கள் ஆட்டுக்கு அன்போடு அள்ளி வைத்தேன். மறுநாள் வயிறு வீங்கிப் படுத்த ஆடு பிறகு எழும்பவே இல்லை. காரணம் பின்னர்தான் விளங்கியது.

ஆட்டின் இரைப்பைக்கு நான்கு அறைகள். அவற்றுள் பெரியதான உரூமனில் கோடிக்கணக்கான நுண்ணங்கிகள் வாழ்கின்றன. ஆட்டால் தானாகச் சமிக்க முடியாத செலுலோசை இவையே உடைத்து, அதற்குச் சக்தி தரும் கொழுப்பமிலங்களாக மாற்றுகின்றன. சோறோ தானியமோ திடீரென அதிகமாகச் சென்றால் உரூமனில் இலற்றிக் அமிலம் பெருகும். வழமையாக 6 முதல் 7 வரை இருக்கும் பீஎச் பெறுமானம் 5.5 இலும் குறையும். நார்ப்பொருளை உடைக்கும் பற்றீரியாக்கள் மடியும்.

புரோபயோட்டிக் என்பது உயிருள்ள நல்ல நுண்ணங்கிகளைக் கொண்ட துணையுணவு. உதாரணமாக, அதிலுள்ள மதுவம் உரூமனில் எஞ்சும் ஒட்சிசனைப் பயன்படுத்தி, ஒட்சிசனை விரும்பாத பற்றீரியாக்கள் பெருக உதவுகிறது. இலற்றிக் அமிலத்தைப் பயன்படுத்தும் பற்றீரியாக்களையும் ஊக்குவிக்கிறது. தீவனம் மாற்றும்போதும், குட்டிகள் பால் மறக்கும்போதும், நுண்ணுயிர்கொல்லி கொடுத்த பின்பும் இதைக் கொடுப்பதுண்டு.

ஆனால், இது மருந்தல்ல. ஆடு அசைபோடாமல் வயிறு வீங்கியிருந்தால் உடனே மிருக வைத்தியரை நாட வேண்டும். புல்லும் குழையுமே முதல் உணவு. புதிய தீவனத்தைச் சிறிது சிறிதாகவே பழக்க வேண்டும்.

இப்போது எங்கள் வீட்டில் ஒரு குட்டி நிற்கிறது. உம்மா மிஞ்சிய சோற்றோடு கொட்டிலுக்குப் போனால், "வேணாம் உம்மா, குழை போடுங்க" என்று தடுப்பவள் நான்தான்.